பாதித் தட்டு

செத்த பிறகும் துஷ்யந்தி பாதித் தட்டுதான் சாப்பிட்டாள்.

உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். கண் நிறையப் போட்டுக்கொள்வாள். கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டுவாள். பாதியில் எழுந்துவிடுவாள். "மிச்சத்த நீங்க முடிங்க மாஸ்டர்" என்பாள். அவள் கணவன் சதீஸ் முடிப்பான். அவனுக்கு அந்தப் பொறுக்கல் எல்லாம் கிடையாது. இலையோடு மென்று விழுங்குகிறவன்.

ஓப்பநாயக்க என்ற ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவன் கணித ஆசிரியர். அவள் அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். கல்யாணமாகி இரண்டாவது வருடம் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட இழுக்கவில்லை. சதீஸ் அழவில்லை. எப்போது அழுவான் என்று ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கருமாதியன்று அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். தரையில் மாவைத் தூவிக் கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போனால் மாவில் கால் தடம் இருக்கும். எல்லோரும் வெளியே காத்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் எங்கோ ஓட்டை. கதவைத் திறந்தபோது மாவெல்லாம் கூழாகியிருந்தது. வந்தாளா வரவில்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

படையல் சோற்றை எல்லோரும் ஆளுக்கொரு பிடி எடுத்துத்தான் தின்ன வேண்டும். சதீஸ் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தான். தட்டைத் தன் பக்கம் இழுத்தான். முழுதையும் தின்று முடித்தான்.

"படையல ஒத்தையா திங்கக் கூடாது தம்பி" என்றாள் மாமியார் ஜெயம்மா.

"அவ மிச்சத்த நாந்தானே மாமி முடிக்கிறது?"

ஜெயம்மா கூழான மாவை வழித்து அள்ளத் தொடங்கினாள்.

மறுநாளிலிருந்து சதீஸ் தினமும் படைத்தான். பள்ளி விட்டு வந்து சமைப்பான். அவளுடைய நீலப் பூப்போட்ட தட்டில் குவித்து, சுவரோரம் அவள் உட்காரும் இடத்தில் வைப்பான். பின்வாசலால் இறங்கி, தண்ணீர் கொட்டும் பீலியில் கால் கழுவிக்கொண்டு வருவான். திரும்பி வரும்போது தட்டில் பாதி இருக்காது. விளிம்பில் கறிவேப்பிலை வரிசையாக ஒட்டியிருக்கும்.

முதல் நாள் அதைப் பார்த்தபோது அவனுக்குப் பயம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. உட்கார்ந்து மிச்சத்தை முடித்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வராமல் போய்விடுவாளோ என்ற பயம் மட்டும் இருந்தது. ஒருவேளை போதாதோ என்று நாளுக்கு நாள் கூடுதலாக வைத்தான். சோற்றோடு ரொட்டி, ரொட்டியோடு டின் மீன், பிறகு சீனி தூவிய பேக்கரிப் பாண். எவ்வளவு வைத்தாலும் அவள் சரிபாதி சாப்பிட்டாள்.

பஸாரில் கடை வைத்திருக்கும் தாஸிம் சாமான்களைக் கட்டும்போது வாய் சும்மா இருக்காது.

"என்ன மாஸ்டர், ஊட்டுல கல்யாணமா? தனி மனுசன் வாங்குற சாமானா இது?"

"நான் பெருசா ஒண்ணும் சாப்புடுறதில்ல தாஸிம் நானா. மிச்சம் மீதியத்தான்."

"மிச்சம் திண்டா இப்பிடி ஊதுமா? சேட்டு பட்டன் பிச்சிக்கிட்டு நிக்கிது. அந்த மிச்சத்துல எனக்கும் கொஞ்சம் அனுப்புங்களே, நான் மெலிஞ்சு போய்க் கெடக்கன்."

தாஸிமின் வயிறு கல்லாப்பெட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சதீஸும் சிரித்தான். அவன் பொய் சொல்லவில்லை. தான் பாதித் தட்டில் காலம் தள்ளுகிறவன் என்றே நம்பினான். காற்சட்டைகள் இறுகியதற்குத் துணி சுருங்கியது காரணம். படியேறும்போது மூச்சு வாங்கியதற்குப் பனி காரணம்.

பசி அவனுக்கு வீட்டில் வராது. பள்ளியிலிருந்து இறங்கும் பாதையில், பிள்ளைக் காம்பராவைத் தாண்டும்போதுதான் வரும். உள்ளே புது டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். குழந்தைகள் முன்னும் பின்னுமாகப் பாடும். அந்த இடத்தில் வயிறு அல்ல, தொண்டை திறந்துகொள்ளும். கைவிட்ட மாணிக்கக் குழி மாதிரி, எவ்வளவு கொட்டினாலும் அடி தெரியாது. அங்கிருந்து குவாட்டர்ஸ் வரை ஓட்டமும் நடையுமாகத்தான் வருவான்.

ஒரு நாள் மழை வலுத்து, மலையில் வேலையை நிறுத்தி, அரைப்பேரோடு, பாதி நாள் சம்பளத்துக்கு, ஆட்களை அனுப்பிவிட்டார்கள். கொழுந்து பறிக்கும் ஜெயம்மா லயத்து வீட்டுக்குப் போகாமல் நேரே மருமகனின் குவாட்டர்ஸுக்கு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சதீஸ் அப்போதுதான் நீலத் தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டிருந்தான்.

அவள் தட்டைப் பார்த்தாள். அவன் உடம்பைப் பார்த்தாள்.

"இது யாருக்கு தம்பி?"

மறைக்க நேரம் இருக்கவில்லை. "அவ வாரா மாமி. தெனமும் வாரா. பாதி சாப்புட்டுட்டுப் போறா."

ஏசுவாள் என்று நினைத்தான். ஜெயம்மாவின் முகம் அப்படியே திறந்துகொண்டது.

"எனக்கும் காட்டுங்க" என்றாள். "நான் பெத்தவ. எங்கிட்ட மட்டும் ஏன் வர மாட்டேங்கிறா?"

ரொட்டிக்கு வைத்திருந்த கோதுமை மாவை அவளே எடுத்தாள். பின்வாசலிலிருந்து தட்டு வரை மெல்லியதாகத் தூவினாள். "அன்னைக்கி மழ கெடுத்துப்புடுச்சு. இன்னைக்கி பாத்துருவோம்."

"வேணாம் மாமி."

"ஏன்?"

சதீஸுக்குக் காரணம் தெரியும். தடம் இல்லாவிட்டால் அவள் இல்லை.

ஜெயம்மா முன்வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சதீஸ் மாவை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து, வழக்கம்போலப் பீலிக்கு இறங்கினான். பனி தேயிலைக்குள்ளிருந்து எழும்பிப் பீலியையும் மூடியிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. காலைக் கழுவினான். சவர்க்காரம் போட்டுக் கையையும் கழுவினான். விரல்களில் பருப்பு வாசம் இருந்தது. சமைத்த வாசம் என்று எண்ணிக்கொண்டான்.

பின்வாசல் படியில் ஏறி நின்று பார்த்தான்.

தட்டில் பாதி இல்லை. விளிம்பில் கறிவேப்பிலை வரிசை. மாவில் தடம் இருந்தது.

"மாமி!" என்று கத்தினான். "வந்துட்டா மாமி!"

ஜெயம்மா வரவில்லை. அவன் குனிந்து பார்த்தான். ஈரக்கால் தடம், மாவைப் பசையாக அள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தது. சுவரோரம் உட்கார்ந்த இடத்தில் மா கலைந்திருந்தது. அங்கிருந்து அதே கால்கள் வெளியே வந்திருந்தன. அகலமான கால். இடது சுண்டுவிரல் பதியவில்லை. கல்லூரியில் பந்தடித்து உடைந்த நாளிலிருந்து சதீஸின் இடது சுண்டுவிரல் தரையைத் தொடுவதில்லை.

முன்கதவு திறந்தது. ஜெயம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சன்னல் இடுக்கால பாத்தேன்" என்றாள். "அவ மாதிரியே ஒரு காலக் குத்த வச்சு ஒக்காந்தீங்க. முந்தானைய ஒதுக்குற மாதிரி கைய ஒதுக்குனீங்க. ஒவ்வொரு கருவேப்பிலையா பொறுக்குனீங்க."

"நானா?"

"துஷ்யந்தின்னு கூப்புட்டேன். சோத்துலருந்து தலய நிமித்தாம 'ம்'னு சொன்னீங்க. அவ சொல்ற 'ம்'."

மழை தகரத்தில் இறங்கியது. சதீஸ் தன் விரல்களைப் பார்த்தான். நகக் கண்ணில் கறிவேப்பிலைத் துணுக்கு ஒன்று பச்சையாக இருந்தது. உள்ளே வந்ததும், உட்கார்ந்ததும், தின்றதும் அவனுக்கு நினைவில் இல்லை. எத்தனை மாதத்துத் தட்டுகள்! பாதி அவளுக்காக. பாதி அவள் மிச்சம் வைத்ததற்காக. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போயிருந்தன.

தொண்டை திறந்துகொண்டது. மிச்சப் பாதி அங்கே காத்திருந்தது. அதை முடித்தால் இன்றைய நாள் வழக்கம்போல முடியும். நாளைக்கும் அவள் வருவாள். இன்னொருவர் பார்த்துவிட்டார் என்பது மட்டும்தான் வித்தியாசம். கை தட்டுக்குப் போயிற்று.

"பசிக்குதா தம்பி?" ஜெயம்மா கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவனை யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. கையை எடுத்து வயிற்றில் வைத்துப் பார்த்தான். முட்ட இருந்தது. இறுகி, வலித்தது. வெகு நாளாக வலித்திருக்க வேண்டும்.

"இல்ல மாமி" என்றான். "பசிக்கல."

சொல்லிவிட்டு மாவிலேயே உட்கார்ந்தான். ஜெயம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டை எடுத்து மடியில் வைத்து, ஒரே ஒரு பிடி வாயில் போட்டாள். மென்றபடியே அழுதாள். அவன் அழாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ பேர நான் சொல்லியே எவ்வளவு நாளாச்சு" என்றான்.

"சொல்லுங்க."

சொன்னான். வெறும் பேர். வீட்டில் யாரும் "ம்" என்று சொல்லவில்லை.

மிச்சத்தை ஜெயம்மா வெளியே கொண்டுபோய் வைத்தாள். மழையில் காகம்கூட வரவில்லை.

அதன் பிறகு வேலை முடிந்து வரும் வழியில் அவள் எட்டிப்பார்ப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள். இடையில் சில நாட்கள் தவறின. அவள் வராத ஒரு நாள், பீலியிலிருந்து திரும்பியபோது விளிம்பில் இலைகள் ஒட்டியிருந்தன. சதீஸ் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, லயத்துக்கு இறங்கிப்போய் ஜெயம்மாவிடம் சொன்னான். "திரும்ப வந்துட்டா மாமி" என்று. "ஒக்காருங்க" என்றாள் அவள். சாயத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

பிள்ளைக் காம்பராவைத் தாண்டும்போது இப்போது அவன் ஓடுவதில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தொண்டை திறக்கும். குழந்தைகள் பாடி முடிக்கும்வரை நின்றால் அது மெல்ல மூடிக்கொள்ளும். மூடும்போது கண் எரியும். அது பசி இல்லை.

நேற்று தனியாகத்தான் சாப்பிட்டான். நீலத் தட்டில் இல்லை, தன்னுடையதில். பருப்பும் சோறும். இலை வந்தபோது கை தயங்கியது. பிறகு வாயில் போட்டு மென்றான். கசந்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டின் விளிம்பைப் பார்த்தான்.

வெறுமையாக இருந்தது. அவள் செத்துப்போனது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.