உறைபெட்டியில் மிச்சம் இருந்தவர்

ஆய்வகத்தின் கடைசி அறையில் ஆளுயர உறைபெட்டி ஒன்று நின்றது. ஓர் ஆராய்ச்சிக்காகச் சர்க்கரை நோயாளிகளிடம் பல வருஷம் முன்பு எடுத்த ரத்தம் அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகளில் உறைந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரு குப்பியில் இருந்தது அவள் புருஷனின் ரத்தம். ஊசி குத்தி எடுத்தவளும் அவள்தான்.

"பொண்டாட்டி புருஷன் ரத்தத்த உறிஞ்சுறாள்னு எல்லாரும் சும்மா சொல்லுவாங்க. எனக்கு ரசீதே இருக்கு" என்று அன்று அவர் அறையையே சிரிக்க வைத்தார். மறு வருஷம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மாரடைப்பு. வீடு வந்து சேரவில்லை.

இப்போது புது மெஷின் வந்திருந்தது. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா சொன்னார்: "இதயம் திணறுறப்ப ரத்தத்துல ஒரு புரதம் கூடும். பழைய ரத்தத்துல யாருக்கு அது அப்பவே கூடியிருந்துச்சு, அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தா, இனி வர்றவங்கள முன்னாடியே காப்பாத்தலாம். எல்லாத்தையும் ஓட்டிடுங்க."

அவள் தட்டு தட்டாக எடுத்து ஓட்டினாள். அவர் குப்பி இருந்த தட்டு வந்ததும் அதைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். உலகத்தில் அவர் என்று மிச்சம் இருந்தது அவ்வளவுதான். உருகவிட்டால் இன்னொரு தடவை செத்துப்போவார் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் மோதிய வெண்பனி, பக்கத்தில் நின்று யாரோ விட்ட மூச்சாக இருந்தது. பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், அவளுக்கு முதுகு சில்லிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வந்தார். பிளம்பர். கருவிப் பையோடு மாடியேறி வந்தவர் வாசலிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்குது?"

"வயசாகுதுல்ல அண்ணி. படிதான் வரவர ஒசந்துகிட்டே போகுது."

குரல் அப்படியே அண்ணன் குரல். சொன்ன வார்த்தையும் அவர் சொன்னதுதான்.

"ஒரு டெஸ்ட் எடுத்துரலாமா?"

"எதுக்கு? சர்க்கரை கட்டுப்பாட்டுலதான் இருக்கு."

"உங்க அண்ணனுக்கும் கட்டுப்பாட்டுலதான் இருந்துச்சு."



மறுநாள் காலை அவள் அந்தக் குப்பியை எடுத்து, உருகும்வரை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள். பிறகு மெஷினில் வைத்தாள். திரையில் வந்த எண் இயல்பான எல்லையைப்போலப் பல மடங்கு. ரத்தம் எடுத்த அன்றைக்கு அவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் சொல்லிவைத்தாற்போல் சரியாக இருந்தன. எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் விரல் அவர் நாடியில் இருந்த நேரத்தில், உள்ளே இதயம் தத்தளித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அழவில்லை. போனை எடுத்துக் கொழுந்தனாரை உடனே வரச் சொன்னாள்.

அவர் சட்டைக்கையை மடித்து நீட்டினார். அதே நரம்பு, முழங்கை மடிப்பில் அதே இடத்தில். இத்தனை வருஷ அனுபவத்தில் முதன்முறையாக அவளுக்கு ஊசி தவறியது.

"மெதுவா அண்ணி. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்."

அவருக்கும் அந்தப் புரதம் கூடித்தான் இருந்தது, அண்ணன் அளவுக்கு இல்லை. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்து மாத்திரைகளை மாற்றினார். சில மாதங்களில் அவர் நிற்காமல் மாடியேறினார்.

ஒருநாள் அவள் வீட்டுச் சமையலறைப் பைப்பைச் சரிசெய்ய வந்தவர் திடீரென்று கேட்டார்: "அண்ணனுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"பழசுல்ல தம்பி. ஒண்ணும் சரியாத் தெரியல."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தலையாட்டிவிட்டு ஸ்பானரோடு உள்ளே போனார். அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இரும்பு தட்டும் சத்தம், அவள் புருஷனின் அதே செருமல், தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பு. எழுந்து போய் யார் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.