எதிர்க்கட்டிடத்து வகுப்பு

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தால் போதும், உள்ளே நுழைந்து அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் வருவாள். முதுகலை படிக்க வெளிநாட்டில் வந்து இறங்கிய அன்றே அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. பெரிய நகரம். பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஆறு நாட்களில் வெளியே அவள் பேசியது 'நன்றி', 'மன்னிக்கணும்', அவ்வளவுதான்.

முதல் வகுப்பு திங்கட்கிழமை காலை. பாடம், நகரக் கழிவுநீர் வடிகால். நாலாவது மாடி, நானூற்றுப் பன்னிரண்டாம் எண் அறை. மூச்சிரைக்க ஏறிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தாடிக்காரப் பேராசிரியர் திரையில் ஒரு படம் போட்டார். நாலு அறைகள், நடுநடுவே திறப்புகள், உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய்.

"இங்க தேங்கினா வாயு சேரும். அது வெளியேறலைன்னா ஆபத்து," என்றார்.

அவள் வரி விடாமல் எழுதிக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் பக்கத்திலிருந்த சுருட்டை முடிக்காரி, "எங்க குழுவுல ஒரு ஆள் குறையுது, சேர்ந்துக்கறியா?" என்றாள். இந்த ஊரில் அறைக்கு வெளியே யாராவது தானாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவள் தலையாட்டிய வேகத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை வகுப்பில் அதே படத்தைச் சுற்றி ஒரு மாடு வந்தது. நாலு அறைகளும் அதன் வயிறு.

அது கால்நடை மருத்துவக் கட்டிடம். அவளுடையது எதிரே. நானூற்றுப் பன்னிரண்டாம் அறை இரண்டு கட்டிடத்திலும் இருந்தது.

அன்று இரவு அறைத்தோழியிடம் சொன்னாள். இரண்டு வருஷம் முன்னால் வந்தவள் என்பதால் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"எழுந்து வந்துட வேண்டியதுதானேடி?"

"எப்படிக்கா? குழுவுல சேர்ந்துட்டேனே."

"நீ படிக்க வந்தது சாக்கடை!"

"சரிதான். ஆனா அங்க எனக்கு யாரும் இடம் பிடிச்சு வைக்கலையே."

பல் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா சிரித்த சிரிப்பில் சுவரெல்லாம் நுரை.

அம்மா போனில் கேட்டாள். "இன்னிக்கு என்னடி படிச்சே?"

"அசை போடறதும்மா."

"எதை?"

"பாடத்தைத்தான்."

அடுத்த திங்கட்கிழமை அவர்கள் குழு பேச வேண்டிய நாள். சுருட்டையும் நெட்டையன் ஒருவனும் தங்கள் பங்கை முடித்தார்கள். மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன ஆகும் என்பது இவள் பங்கு. மருத்துவ வார்த்தை ஒன்றும் வாயில் நுழையவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தாள்.

"காற்றுக்குழாய் இல்லாத சாக்கடையில வாயு அடைச்சா மூடி எகிறும். மாட்டுக்கும் அதே கதிதான். என்ன, மாட்டுக்கு மூடி கிடையாது."

வகுப்பே சிரித்தது. அவ்வளவுதான், பூட்டு தெறித்துவிட்டது. ஐந்து நிமிஷப் பேச்சு இருபது நிமிஷம் ஓடியது. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்பத் தெளிவா சொன்னே. ஆனா பட்டியல்ல உன் பேரே இல்லையே. நீ யாரும்மா?"

"நான்... சாக்கடைங்க சார்."

அவரே அவளை எதிர்க்கட்டிடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே வடிகால் பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வகுப்பு வரலையே, உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்."

"உடம்பு சரியில்லாதது எங்க மாட்டுக்கு," என்றார் தாடிக்காரர்.

பேராசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுப்போன பாடம் முழுவதையும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார். நாலு நாள் அறைத் தரையில் உட்கார்ந்து விரல் வீங்க எழுதினாள். இந்த வகுப்பில் இன்னும் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை அறைக்கதவு தட்டப்பட்டது. திறந்தால் சுருட்டையும் நெட்டையனும். இருவருக்கும் நடுவில் ஒரு பழைய மேசை.

"தரையில உட்கார்ந்து எழுதறேன்னு சொன்னியே," என்றான் நெட்டையன். "வழியை விடு, கை போகுது."

மேசை கதவில் சிக்கியது. அக்கா ஒரு பக்கம் இழுக்க, நெட்டையன் மறுபக்கம் தள்ள, இவள் நடுவில் நின்று "இப்படித் திருப்பு, அப்படிச் சாய்" என்று ஓயாமல் உத்தரவு போட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து மேசை உள்ளே வந்தது. அதன் ஒரு கால் கழன்று வெளியிலேயே நின்றுவிட்டது.