மூன்று ஓக் மரங்களின் அடியில்

கலிஃபோர்னியாவின் அந்த வறண்ட பள்ளத்தாக்கில் கிடங்கு கட்ட மண் வெட்டிக்கொண்டிருந்த இயந்திரம், மூன்று ஓக் மரங்களை நெருங்கிவிட்டது. மண்ணில் பழைய எலும்போ பொருளோ தென்பட்டால் வேலையை நிறுத்தச் சொல்ல, தன் பழங்குடியின் சார்பில் அங்கே காவல் நின்ற வெர்னாவின் கண் அதன் பற்களை விட்டு அகலவில்லை.

மரத்தடியில் அவளுடைய அக்கா இருக்கிறாள். பிறந்த மாதமே போனவள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை. அம்மா முயல்தோலில் சுற்றி இங்கே கொண்டுவந்தாள்.

சென்ற ஆண்டு தொல்லியல் ஆய்வுக்கு வந்த காலின் நல்ல மனிதன். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டான்: "இங்க உங்க ஆளுங்க யாரையாவது பொதைச்சிருக்கீங்களா?"

"ஓக் கொட்டை பொறுக்க வருவோம். அவ்வளவுதான்" என்றாள் வெர்னா. இறந்தவர்களின் இடத்தை வெளியாளிடம் சொல்லும் வழக்கமில்லை. சொன்ன இடங்களிலெல்லாம் பிறகு பிணத்தோடு புதைத்த பாசிமணியைத் தேடி மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். காலின் இடைவெளி விட்டுக் குழி தோண்டி மண்ணைச் சலித்தான். ஒரு குழியும் அக்காவின் மேல் விழவில்லை. இங்கே எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்தான். வெர்னா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது கையைத் தூக்கினாள். இயந்திரம் நின்றது.

"என்ன வெர்னா, கொட்டை பொறுக்கணுமா?" ஓட்டுகிற ரூடி மேலிருந்து சிரித்தான். "சீக்கிரம் பொறுக்கும்மா, லாரி காத்துக்கிட்டு நிக்குது."

மண் வெட்டும்போது கண்காணிக்க இம்முறையும் வந்திருந்த காலின் ஓடிவந்தான். "என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல. எங்கக்கா இங்க இருக்கா."

அவன் முகம் வெளிறியது. "அன்னைக்கே ஏங்க சொல்லல?"

பதிலுக்குக் காத்திராமல் மண்டியிட்டுச் சிறுகரண்டியால் சுரண்டத் தொடங்கினான். வெர்னாவும் உட்கார்ந்தாள். வெயில் சாயும்போது கையகலத்துக்குக் கறுத்த மண் தெரிந்தது. எலும்பு இல்லை.

"பச்சைக் கொழந்தை எலும்பு இந்த மண்ணுல நிக்காதுங்க. கரைஞ்சிடும்."

"கறுப்பு தெரியுதே?"

"வேர் அழுகினாலும் இப்படித்தான் இருக்கும்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "எங்க ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எலும்பு இல்லாம வேலைய நிறுத்த முடியாதுன்னுட்டாங்க."

வெர்னா ஒரு பிடி அள்ளினாள். எது அக்கா, எது வேர்? விரலைத் திறந்து மண்ணை விழவிட்டு எழுந்தாள்.

ரூடி இம்முறை சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைக் கிளப்பினான்.

பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நின்றாள். மரத்தடி மண்ணால் நிரம்பிய லாரி, எந்த ஊர்ப் பள்ளத்தைத் தூர்க்கவோ, புழுதியோடு சாலையில் ஏறியது. அடுத்த லாரி பின்பக்கமாக வந்து மரத்தடியில் நின்றது.