கஞ்சி போட்ட கேசட்

பிரேம்நாத் எனக்குத் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். என் மனைவி மணியம்மாளின் மாவு கிரைண்டருக்கு மோட்டார் மாற்ற வைத்திருந்த பணம் அது. அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மெக்கானிக் ஊரில் இல்லை என்று பத்து நாளாகச் சொல்லி வருகிறேன். அவளோ பக்கத்துத் தெருவில் கூலி கொடுத்து அரைத்து வந்து மாவு விற்கிறாள்.

பிரேம்நாத் கல்யாண வீடியோ எடுக்கிறவன். என் பணத்தில் அவன் வாங்கியது, குட்டிக் கேசட் போடுகிற இருபது வருடத்துப் பழைய டிஜிட்டல் கேமரா.

"கையில போன் இருக்குதே, அது பத்தாதாப்பா?" என்றேன்.

"போன்ல எடுத்தா பட்டு பாலித்தீன் கவர் மாரி மின்னுதுண்ணா. இத்தப் பாரு."

பார்த்தேன். முப்பது வருடமாகத் தறிக்குப் போகும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுகிறவன் நான். பட்டு எப்படி இருக்கும் என்று விரலுக்கே தெரியும். அந்தச் சின்னத் திரையில் அரக்குப் புடவை அரக்காகவே இருந்தது. ஜரிகையில் வெயில் பட்ட இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது. அது கேமராவின் கோளாறாம். அந்தக் கோளாறுக்குத்தான் இப்போது எல்லாரும் அலைகிறார்களாம். கோளாறுக்குக் காசு கொடுத்த ஆள் நான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

கோதண்டபாணி முதலாளியின் புடவைக் கடையில் ஆறு நிமிடப் படம் எடுத்தான். சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் குறும்படப் போட்டி, பரிசு ஐயாயிரம். "ஜெயிச்சதும் உன் காசு உன் கையிலண்ணா" என்றான்.

போட்டியன்று விடிகாலையில் பாவு மடித்துக்கொண்டிருந்தபோது ஓடி வந்தான். கேமரா கேசட்டைத் தின்றுவிட்டதாம். கையில் கொத்தாக நாடா.

"வேற காப்பி இல்லியா?"

"இன்னிக்கிப் பகல்ல போட்டுக்கலாம்னு இருந்தேன்..."

என் நாலாயிரத்து முந்நூற்று ஐம்பதும் அந்தச் சிக்கில் கிடந்தது. சிக்கெடுப்பது எனக்குப் புதிதா? பாவு கழன்ற கம்புகள் அப்படியே நின்றன. நாடாவை மெதுவாகப் பிரித்து இந்தக் கம்புக்கும் அந்தக் கம்புக்கும் நீட்டினேன். சுருக்கமெல்லாம் நீங்கி இழை போல நின்றது. அடுத்து என் கை தானாகப் போய்க் கஞ்சி பிரஷ்ஷை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தது.

"அண்ணா! இன்னாண்ணா பண்ற?"

"நீட்டினா... கஞ்சி போடணுமேப்பா!"

துண்டால் துடைத்தேன். இரண்டு முழத்துக்குக் கஞ்சி பிடித்துக்கொண்டது பிடித்துக்கொண்டதுதான். தார்க்குச்சியில் நூல் சுற்றுவது போல விரலால் சுற்றிக் கேசட்டுக்குள் அடைத்தோம்.

சாயங்காலம் படம் ஓடியது. கல்யாணப் பெண் புடவையை விரிக்கிற நேரத்தில் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாக உடைந்து நடுங்கியது. சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம். பிரேம்நாத் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பரிசு ஒரு நாய்க்குட்டிப் படத்துக்குப் போனது. கலந்துகொண்டவர்களைப் பேசச் சொன்னார்கள். படுபாவி, மைக்கைப் பிடித்து, "கேமரா வாங்க நாலாயிரத்து முந்நூத்தம்பது ரூபா குடுத்த வீரபத்திரன் அண்ணனுக்கு நன்றி" என்றான்.

படம் பார்க்க வந்து என் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மணியம்மாள் திரும்பினாள்.

"மெக்கானிக் ஊர்ல இல்லன்னியே, படம் எடுக்கப் பூட்டாரா?"

நல்லவேளை, முன்வரிசையிலிருந்து கோதண்டபாணி முதலாளி எழுந்து வந்தார். பிரேம்நாத்தும் மேடையிலிருந்து இறங்கினான்.

"தம்பி, நெட்டுல புடவை வாங்கறவங்க கலரு வேறயா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிக்கினே இருக்காங்கப்பா. உன் படத்துலதான் என் அரக்கு அரக்கா இருக்குது. கடை சரக்கு மொத்தமும் இந்தக் கேமராவுலயே எடுத்துக் குடு. நடுவுல கட்டம் கட்டமா வந்துச்சே, இன்னா அது?"

"அது... ஸ்பெஷலா பண்ணதுங்க."

"அது வேணாம். கண்ணு வலிக்குது."

முன்பணமாகப் பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். பிரேம்நாத்தின் கை நீளுவதற்குள் மணியம்மாளின் கை போய்விட்டது. ஒன்பது நோட்டை எண்ணி எடுத்துக்கொண்டாள். மீதி ஒரு நோட்டோடு தன் பர்ஸிலிருந்து நூற்றைம்பது சேர்த்து அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"உன் கடன் தீந்துச்சுப்பா. படம் நல்லாத்தான் இருந்துச்சு."

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மெக்கானிக் வீடு இருக்கும் பக்கம் நடந்தாள். பத்தடி விட்டு நானும் போனேன்.