கட்டிலைத் தொடாமல் கூப்பிடுங்கள்

1

ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனைகள். இரண்டிலும் அந்த இளைஞனின் மூளையில் எந்த இயக்கமும் இல்லை. மூச்சுக் கருவியை நிறுத்தலாம் என்றார்கள். அவனுடைய அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “தலையில வயர் வச்சுப் பாருங்க. என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்” என்றார். வைத்தார்கள். திரையில் ஒரு கோடு அசைந்தது. இந்தக் கதை அந்தக் கோட்டிலிருந்து பிறந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மரணம் என்பது...” (வேண்டாம். எனக்கே தெரியாததற்கு விளக்கம் எதற்கு?)

பிறகு இப்படி: அறையில் படுத்திருந்த மகன், அவன் அம்மா, மூளை அலைகளைப் பதிவுசெய்யும் டெக்னீஷியன். சுவரோரம் ஒரு நாற்காலி. அதில் தங்கை... (அடித்துவிட்டேன். நாற்காலி காலியாகவே இருக்கட்டும்.)

2

டெக்னீஷியன் பசை தடவி வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். கருவியின் உணர்திறனை முழுக்கக் கூட்டினார்.

[அடிக்குறிப்பு மாதிரி: அவ்வளவு கூட்டினால் அது மூளையை மட்டும் பார்க்காது. கட்டில் ஆடினாலும் கோடு ஆடும்.]

நோயாளியைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

“நீங்களே கூப்பிடுங்கம்மா. பழகின குரல் நல்லது.”

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “டேய் தூங்குமூஞ்சி! மணி என்னாச்சு பாரு. எந்திரிடா!”

கோடு அசைந்தது.

“பாத்தீங்களா தம்பி! காது கேக்குது அவனுக்கு!”

டெக்னீஷியன் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தார். “கையை எடுத்துட்டு, இப்படித் தள்ளி நின்னு கூப்பிடுங்கம்மா.”

கூப்பிட்டார். கோடு அப்படியே கிடந்தது.

“அவ்வளவு தூரத்துல நின்னு கூப்பிட்டா என்னைக்கு எந்திரிச்சிருக்கான் இவன்? போர்வையை உருவணும்.”

“சரிம்மா. இப்ப கம்பியைப் பிடிங்க. ஆனா பேசாதீங்க.”

பிடித்தார். கோடு அசைந்தது.

டெக்னீஷியனுக்கு விடை கிடைத்துவிட்டது. அம்மாவுக்கும்.

“நான் கூப்பிடவே இல்ல தம்பி! பக்கத்துல வந்ததுமே தெரிஞ்சுபோச்சு பாருங்க அவனுக்கு!”

3

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒன்றை மாற்றி, மற்றதை மாற்றாமல் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். டெக்னீஷியன் அதைத்தான் செய்தார். தீரவில்லையே?

கம்பி ஆடியதால் கோடு ஆடியது. அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் அதை வைத்து உள்ளே யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கருவி அளப்பது மின்சாரத்தை. கூப்பிட்டதும் ‘அஞ்சு நிமிஷம்மா’ என்று புரண்டு படுக்கிற அந்த ஆள், வெறும் மின்சாரமா? அது நின்ற பிறகும் அவன் எங்காவது... (இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் டெக்னீஷியன் “ஆமாம்மா, கேக்குது” என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. இன்னொன்றில், யாருமே கட்டிலைத் தொடாதபோது கோடு அசைகிறது. அதை ஆசையாக இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

4

“கட்டில் ஆடுதும்மா. அதான் கோடும் ஆடுது” என்றார் டெக்னீஷியன் மெதுவாக.

“நீங்க சும்மா இருங்க தம்பி. யாரும் இந்த மூச்சு மெஷினை நிறுத்தக் கூடாது.” அம்மா திரும்பி, நான் காலியாக வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார். “நீயும் சயின்ஸ்தானேடி படிச்ச? பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்க! அண்ணன் உள்ள இருக்கானா இல்லையா? நீ சொல்லு.”

எத்தனை முறை அடித்தாலும் தங்கை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் ‘இப்படி ஆயிடுச்சு’ என்கிறார்கள். அதற்குரிய சொல்லை இதுவரை ஒருவரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் கிடையாது. அம்மா கேட்காத கேள்விக்கு இருக்கிறது.

எழுந்து போனாள். கம்பியிலிருந்து அம்மாவின் விரல்களைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் வாய் திறந்தபோது கோடு அசைந்ததா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணன் செத்துட்டான்மா.”