உதடு அசையாத இரண்டு மணி ஷோ

வாத்தியார் என்று யாராவது கூப்பிட்டால் அவருக்கு இப்போதெல்லாம் சுருக்கென்றது. பதினொரு வருடமாக மாலை வகுப்பில் நடிப்புச் சொல்லித் தருகிறார், வருடத்துக்கு இரண்டு நாடகம் இயக்கி அதில் நடிக்கவும் செய்கிறார், கூப்பிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடிகர் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஒரு சொல்லுக்காக மனிதர் தவியாய்த் தவித்தார்.

அப்போதுதான் பழைய கூட்டாளி போன் செய்தார். இருவரும் ஒரே மேடையில் வாள் சுழற்றியவர்கள். கூட்டாளி இன்று பெரிய குழுவுக்கு இயக்குநர்.

"நாப்பது ஊர் போற நாடகம். முக்கிய வேஷத்துக்கு ஆள் தேடறேன். ஞாயித்துக்கிழமை உன் நாடகத்தோட ரெண்டு மணி ஷோவுக்கு வரேன், நீ எப்படி நடிக்கிறேன்னு பாக்கணும்."

அன்றிலிருந்து வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் ஜன்னலைத் திறந்தார், திறந்த ஜன்னலை எதற்குத் திறந்தோம் என்று மூடினார். அவரிடம் இருந்த ஒரு குறையை வாய் திறந்து சொன்னவர் அவர் மனைவி. நாடகத்துக்கு விளக்குப் போடுகிறவர், எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறவர்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. அடுத்தவங்க வசனம் பேசறப்போ உங்க உதடும் கூடவே அசையுதுங்க."

கோபித்துக்கொண்டார். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அசைந்தது. எல்லோர் வசனமும் மனப்பாடமான இயக்குநரின் உதடு, பிள்ளைக்குச் சோறு ஊட்டும் தாயின் வாய்போல, தானாகத் திறந்து மூடியது.

இதற்கு ஒரு மருந்து கண்டார். உதடுகளுக்கு நடுவே ஒரு சட்டைப் பொத்தானை வைத்துக்கொண்டு உட்காருவார்; மனைவி மற்றவர்கள் வசனத்தைப் படிப்பார்; பொத்தான் விழுந்தால் தோல்வி. முதல் நாள் பத்தொன்பது முறை விழுந்தது. சனிக்கிழமை ஒருமுறைகூட விழவில்லை. ஒத்திகையில் மட்டும் உதட்டை அடக்க முடியவில்லை; அங்கே அவர் இயக்குநர், நூறு கவலை. போகட்டும், உதட்டை அடக்குவதை ஷோவில் வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார். அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார்.

நாடகத்தில் அவருக்குத் தங்கையாக நடித்தவர் மருந்துக்கடை அக்கா. நாற்பத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தவர், பகலில் மாத்திரை கொடுப்பவர். குரல் நல்ல குரல். மூன்று மாத ஒத்திகையில் ஒரு வரி தப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி மூன்றாவது வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியாரின் உதடு கல்லாக இருந்தது. அவருக்கே பெருமை தாங்கவில்லை. கடிதக் காட்சி வந்தது. இறந்துபோன அம்மாவின் கடிதத்தைத் தங்கை கையில் எடுத்தார். எடுத்தவர் பேசவில்லை.

ஒரு நொடி, இரண்டு நொடி. அக்காவின் கண் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் வாத்தியாருக்கு விளங்கியது. மூன்று மாதமாக இந்த அம்மாள் வசனத்தைப் படித்ததே தன் உதட்டிலிருந்துதான்.

மூன்றாவது வரிசை அசையாமல் இருந்தது. நாற்பது ஊரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தன. உதட்டை மூடியே வைத்திருக்கலாம். தப்பு அக்காவுடையது என்றுதான் ஆகும். அக்காவின் கண் இன்னும் அவர் வாயை விட்டு நகரவில்லை.

அசைத்தார். நன்றாகத் தெரிய, ஒவ்வொரு எழுத்தாக.

"இதை நீ எப்பவோ படிச்சுட்டே, இல்லண்ணா?" என்றார் அக்கா.

இப்போது அவர் முறை. வசனம் போன இடம் தெரியவில்லை. எல்லோருடைய வரியும் வரிசையாக நின்றது, அவருடையது மட்டும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் உதடு அசைந்தது.

"படிச்சேன். படிச்சுட்டுத்தான் திரும்ப ஒட்டினேன்."

ஷோ முடிந்ததும் கூட்டாளி உடைமாற்றும் அறைக்கு வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"நல்லாத்தான் நடிக்கிறே. ஆனா கூட நடிக்கிறவங்களையும் தூக்கிச் சுமக்கறியே, எனக்கு அப்படி ஆள் வேணாம்டா. மனசுல வச்சுக்காதே."

வாத்தியார் சிரித்து வழியனுப்பினார். கதவு சாத்தியதும் நாற்காலியை ஒரு உதை விட்டார். அழுகை வந்தது, கொஞ்சம் அழுதார். அக்கா மீது கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்காகவே மேடைக்குப் போனார்.

அக்கா வெற்று மேடையில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு வர வேண்டியதை நான் கெடுத்துட்டேன் சார். ஆறு மணி ஷோவுக்கு வேற யாரையாவது போட்டுக்கோங்க."

 வாத்தியார் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேற யாரு இருக்கா. கடிதத்தைப் பிரிங்க. என் வாயைப் பாக்காதீங்க, கண்ணைப் பாருங்க."

நாலு முறை சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தாவது முறை தடங்கல் இல்லாமல் ஓடியது. விளக்கு மேடையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இப்ப ரெண்டு பேர் உதடும் அசையுது."

வாத்தியார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அசையட்டும். முதல்லேர்ந்து வாங்க, அக்கா."