அவர் மாற்றி வாசித்த முடிவுகள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. சிரித்தவர் வாஞ்சிநாதன். ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் தமிழ் வாசகர் வட்டம் மாதாமாதம் அவர் வீட்டில்தான் கூடும்.

('நான்' என்று எழுதினால் கோபம் வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை. ஆகவே இனி அவள், பெயர் ராமாத்தாள்.)

2

முதல் தொடக்கம்: ராமாத்தாள் நல்ல வாசகி. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும்—

இல்லை. அவள் எடுத்ததே இல்லை. கார் ஓட்டுவது அவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உரக்க வாசிப்பது அவள் கணவர் கிட்டுசாமி. ஃப்ரீவேயில் ஓட்ட அவருக்குப் பயம். ஊரிலிருந்து பெட்டியில் வந்தவை, வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள். வருடக்கணக்கில் இப்படித்தான் படித்தார்கள்.

வாசகியாக அவள் பலம்: கேட்டது எதுவும் மறக்காது. பலவீனம்: பக்கத்தை எட்டிப் பார்த்ததில்லை. (இரண்டு லாரிகளுக்கு நடுவே எப்படி எட்டிப் பார்ப்பது? இதைப் பலவீனம் என்று எழுதவே ஆத்திரமாக இருக்கிறது.)

3

கிட்டுசாமி இறந்த பிறகு, 1998இல், முதல்முறையாகத் தனியாக வட்டத்துக்குப் போனாள். அன்றைய பேச்சு அவர்கள் வீட்டிலும் இருந்த ஒரு தொடர்கதை பற்றி. காய்ச்சலில் கிடந்த நாயகி எழுந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று மாமியாரோடு சண்டை பிடிக்கும் முடிவு தனக்குப் பிடிக்கும் என்றாள்.

அப்போதுதான் வாஞ்சிநாதன் சிரித்தார். "எந்த வெர்ஷன் ஆன்ட்டி அது? அந்தப் பொண்ணு செத்துடுவா. கிளைமாக்ஸே அதுதான்."

"எங்க வீட்டுக்காரர் வாசிச்சாருங்க. நல்லாக் கேட்டேன்."

"அங்கிள் சும்மா அடிச்சு விட்டிருக்கார், நீங்களும் நம்பிட்டீங்க. கிரிட்டிகலா ரீட் பண்ணணும் ஆன்ட்டி."

"விடுங்களேன், பாவம்" என்றாள் அவர் மனைவி ஸ்வர்ணா. அந்தப் 'பாவம்' சிரிப்பைவிட மோசம்.

"நீங்க அவ சாவறதச் சரியாப் படிச்சுட்டீங்களாக்கும். படிச்சுட்டு என்ன பண்ணுனீங்க, உக்காந்து முறுக்குத் திங்கறீங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள் ராமாத்தாள்.

4

வீட்டில் பைண்டைப் புரட்டினாள். நாயகி செத்துத்தான் போயிருந்தாள். மற்ற பைண்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். கிணற்றில் விழுந்தவன் விழுந்தபடியே கிடந்தான். அவர் வாசித்தபோது மேலே ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டானே!

ஒருத்தரையும் சாக விடவில்லை அந்த மனுஷன். அப்படிப்பட்டவருக்குப் போய்—

(இந்த வாக்கியத்தை எத்தனை முறை அடித்து எழுதினாலும் இதே இடத்தில்தான் நிற்கிறது.)

5

ஒரு முடிவு: அவள் வாஞ்சிநாதனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். எழுத மாட்டேன்.

இன்னொன்று: கிட்டுசாமியை மன்னிக்கிறாள். அதற்கு அவர் தப்பு செய்திருக்க வேண்டும். எழுதியிருப்பதற்கு வாசகன் கட்டுப்பட்டவன் என்று யார் சொன்னது?

மூன்றாவது, நடந்தது. கிட்டுசாமியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தையையாவது மாற்றியிருக்கலாம்.

அந்தப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். நான் காரை ஓட்டிக்கொண்டிருப்பேன், எட்டிப் பார்க்க மாட்டேன். பக்கத்து சீட் காலி. ஏறி உட்கார்ந்து, உரக்க வாசியுங்கள்.

உள்ளதை உள்ளபடி வாசிப்பவர்கள் வேறு காரில் வரலாம்.